மேலிருந்து விழும் மிகுசக்தி அண்டக் கதிர்கள்: வன்னியில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மாசி மாதம் ஒட்டுசுட்டான் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் அண்டக் கதிர்கள் பற்றிப் பேசினேன். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருபது பேரளவில் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த தாய்மாரும், வயலால் வந்து வாசலில் நின்று கேட்ட இரண்டொரு பெரியவர்களும் இருந்தார்கள். பேச்சு முக்கால் மணித்தியாலம். கேள்விகள் அதைவிட நீண்டன. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிக்கு மேல் பதில் சொல்லாமலே எழும்ப வேண்டியதாயிற்று. அன்றைக்குத் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தவற்றையும், பிறகு ரியூசன் வகுப்பில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

அண்டக் கதிர் என்றால் வெயில் மாதிரி ஒரு ஒளியா?

இல்லை. பெயரில்தான் கதிர். வருபவை துணிக்கைகள். பத்தில் ஒன்பது பங்கு புரோத்தன்கள், அதாவது ஐதரசனின் கரு. மிச்சத்தில் பெரும்பங்கு ஈலியத்தின் கரு. நூற்றுக்கு ஒன்றளவில் காபன், ஒட்சிசன், இரும்பு போன்ற பாரமான கருக்கள். இலத்திரன்கள் கழன்று, வெறும் கருவாக, ஒளியின் வேகத்தை எட்டிப் பிடிக்கும் வேகத்தில் பூமிக்கு வருகின்றன. கண்டுபிடித்த காலத்தில் இவை ஊடுருவும் கதிர்வீச்சு என்று நினைத்ததால் ‘கதிர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

‘மிகுசக்தி’ என்றால் எவ்வளவு?

இதைக் கணக்காகவே செய்து பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துணிக்கைக்கு இரண்டு, மூன்று இலத்திரன் வோல்ற்று சக்தி உண்டு. 1991 ஒக்ரோபர் 15 இரவு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் ‘ஈயின் கண்’ என்ற தொலைநோக்கித் தொகுதி பதிந்த ஒரு துணிக்கைக்கு 3.2×10²⁰ இலத்திரன் வோல்ற்று. 32 எழுதி, பின்னால் 19 பூச்சியம் போடுங்கள்.

ஒரு இலத்திரன் வோல்ற்று 1.6×10⁻¹⁹ யூல். பெருக்கினால் 51 யூல் வரும். ஒரு கிலோ எடையுள்ள பனம்பழம் 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் நிலத்தில் மோதும்போது அதற்கு இருக்கும் சக்தி ஏறக்குறைய இவ்வளவுதான். ஆவணி மாதத்து விடியற்காலையில் பனை வளவுக்குள் ‘தொம்’ என்று கேட்கிற அந்தச் சத்தத்தை நினையுங்கள். பனம்பழத்துக்குள் புரோத்தன்களும் நியூத்திரன்களுமாக 6 எழுதி 26 பூச்சியம் போடுமளவு துணிக்கைகள் இருக்கின்றன. அவ்வளவும் சேர்ந்து சுமக்கிற சக்தியை இங்கே ஒரேயொரு கரு தனியாகச் சுமந்துகொண்டு வந்தது.

மனிதன் கட்டியவற்றில் பெரிய ஆர்முடுக்கி ஜெனீவாவுக்கு அருகே சேர்ன் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அதன் வளையம் 27 கிலோமீற்றர். ஒரு புரோத்தனுக்கு அது கொடுப்பதைவிட 1991ஆம் ஆண்டுத் துணிக்கையின் சக்தி 4 கோடி மடங்குக்கும் மேல். இயற்கையில் எங்கோ ஒரு இடம் இதைச் செய்கிறது. எந்த இடம் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வெல்லாம் நடக்கிறது.

பொதுவாக 10¹⁸ இலத்திரன் வோல்ற்றுக்கு மேலே போனால் மிகுசக்தி என்பார்கள்.

“தம்பி, மேலையிருந்து விழுறது எண்டால் எங்களுக்குச் சீவன் போற மாதிரி. பங்கருக்குள்ள இருந்தாலும் பிடிக்குமோ?”

இதைக் கேட்டவர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. பிள்ளைகள் சிலர் சிரிக்கப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த மண்ணில் வானத்தைப் பார்த்துப் பயந்து வாழ்ந்தவர் கேட்கும் கேள்விக்கு முழுப் பதில் சொல்லவேண்டும்.

அம்மா, பங்கருக்குள்ளும் வரும். ஆனால் ஒன்றும் செய்யாது. மேலிருந்து வரும் கரு எங்கள் தலைக்கு வந்து சேர்வதேயில்லை. இருபது கிலோமீற்றர் உயரத்திலோ அதற்கு மேலோ காற்றில் மோதி உடைந்துவிடும். நிலத்துக்கு வருவது அதன் உடைவில் பிறந்த சிறு துணிக்கைகள். அவற்றில் மியூவன் என்பது அதிகம் ஊடுருவும். கடல் மட்டத்தில் ஒரு உள்ளங்கையளவு இடத்துக்கூடாக நிமிடத்துக்கு நூறளவில் போகும். பாயில் படுத்திருக்கும் ஒருவருக்கூடாக நிமிடத்துக்குச் சில ஆயிரம். நாங்கள் பிறந்த நாளிலிருந்து, எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இது நடந்துகொண்டேயிருக்கிறது. அண்டக் கதிரால் ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் கதிர்வீச்சு, மருத்துவமனையில் நெஞ்சுக்கு எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படங்கள் சில எடுத்ததற்குச் சமன். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

மண்மூடை அடுக்கிய கூரை மியூவனுக்கு ஒரு தடையே இல்லை. எகிப்தின் கூபு பிரமிட்டுக்குள் ஒளிந்திருந்த பெரிய வெற்றிடம் ஒன்றை 2017இல் வெளியே கொண்டுவந்தது இந்த மியூவன்கள்தாம். கல்லுக்கூடாக எவ்வளவு வந்து சேர்கிறது என்று எண்ணிப் பார்த்து, எந்தப் பக்கம் கல் குறைவு என்று கண்டார்கள்.

முதலில் யார் கண்டுபிடித்தது?

விக்ரர் ஹெஸ் என்ற ஒஸ்திரிய நாட்டவர். 1912 ஓகஸ்ட் 7ஆம் திகதி பலூனில் ஏறி 5,350 மீற்றர் உயரம் வரை போனார். கதிர்வீச்சு நிலத்திலிருந்து வருவதானால் மேலே போகப் போகக் குறையவேண்டும். அவருடைய மின்காட்டியில் அது கூடிக்கொண்டே போனது. மூலம் மேலேதான் என்று முடிவு கட்டினார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

1938இல் பிரான்ஸ் நாட்டின் பியர் ஓஷே, தூரத் தூர வைத்த கருவிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கவனித்தார். ஒரு துணிக்கை காற்றில் மோதினால் அது ஒரு பெரும் பொழிவாக இறங்குகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1962இல் நியூ மெக்சிக்கோவில் ஜோன் லின்ஸ்லியின் கருவிகள் முதல்தடவையாக 10²⁰ அளவைத் தொட்ட ஒன்றைப் பதிந்தன.

காற்றிலேயே உடைந்துவிடுகிறது என்றால் அதன் சக்தியையும் திசையையும் எப்படி அறிவார்கள்?

அன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

கரு காற்றில் மோதியதும் பல துணிக்கைகள் பிறக்கும். அவை திரும்ப மோதும். பிறந்தவை திரும்பவும் மோதும். 10²⁰ அளவுத் துணிக்கை ஒன்றின் பொழிவு உச்சத்துக்கு வரும்போது அதில் 10,000 கோடியளவு துணிக்கைகள் இருக்கும். சில மீற்றர் தடிப்பும் பல கிலோமீற்றர் அகலமும் உள்ள ஒரு தட்டுப்போல ஒளியின் வேகத்தில் அது இறங்குகிறது. இந்தத் தட்டு நிலத்தைத் தொடும் விதத்தில்தான் விசயம் இருக்கிறது.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று மழை வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? மாரி தொடங்கும் நாட்களில் மழை குளத்தின் அந்தக் கரையில் ஒரு வெள்ளைத் திரையாக நிற்கும். பிறகு தண்ணீரின்மேல் நடந்து வரும். முதலில் அங்கே நின்ற கொக்கு நனையும், பிறகு நடுக்குளத்து வள்ளம், பிறகு நீங்கள். மூன்று பேரும் நனைந்த நேரத்தை எழுதி வைத்திருந்தால், மழை எந்தத் திசையால் வந்தது என்று அதைப் பார்க்காதவர்கூடக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அண்டக் கதிரின் திசையைக் காண்பதும் இதே வழிதான். நிலத்தில் பரப்பி வைத்த கருவிகளில் எது முதலில் துடித்தது, எது பிந்தித் துடித்தது என்று பார்க்கிறார்கள். மழைக்கு நிமிடக் கணக்கு. இங்கே செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்குக் கணக்கு. அதற்கான நேரத்தை ஜிபிஎஸ் செய்மதிகள் கொடுக்கின்றன.

சக்தியை அறிய இரண்டு வழிகள். ஒன்று, நிலத்தில் எத்தனை துணிக்கைகள் எவ்வளவு தூரத்துக்குச் சிதறின என்று எண்ணுவது. மற்றது, பொழிவு இறங்கும்போது காற்றிலுள்ள நைதரசன் மெல்லிய புறஊதா ஒளி விடும், அதைத் தொலைநோக்கியால் பிடிப்பது. ஒரு மின்குமிழ் ஒளிவேகத்தில் வானத்தில் கீறிக்கொண்டு போவதுபோல ஒரு கோடு பதியும். வந்த ஒளி எவ்வளவோ அதற்கேற்ப சக்தி. நிலவு இருந்தால் இது சரிவராது. பறுவத்தையொட்டிய நாட்களில் தொலைநோக்கியை மூடிவிட்டு அமாவாசைப் பக்கத்து இரவுகளில் திறப்பார்கள்.

இன்னொன்றும் அந்தக் கோட்டிலிருந்து கிடைக்கிறது. எந்த உயரத்தில் பொழிவு உச்சத்துக்கு வந்தது என்பது. பாரமான கரு மேலேயே சிதறிவிடும், புரோத்தன் கொஞ்சம் ஆழமாக இறங்கி உச்சம் காணும். வந்தது இரும்பா, புரோத்தனா என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லமுடியாவிட்டாலும், ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

படத்தில் காட்டிய அந்தத் தண்ணீர்த் தாங்கிகள் என்ன?

ஆர்ஜென்ரினாவின் மெண்டோசா மாகாணத்தில் மலார்குவே என்ற சிற்றூருக்கு அருகே பியர் ஓஷே அவதானநிலையம் இருக்கிறது. ஜேம்ஸ் குரோனின், அலன் வொற்சன் என்ற இருவர் 1992இல் முன்வைத்த யோசனை. 2004இலிருந்து தரவு எடுக்கிறார்கள், கட்டி முடிந்தது 2008இல். ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீற்றர். எங்கள் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் 2,617 சதுர கிலோமீற்றர்தான். முழு மாவட்டத்தையும் எடுத்து, போதாமல் அயல் மாவட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்தால்தான் அந்த அளவு வரும்.

அவ்வளவு இடத்திலும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒன்றாக 1,600க்கும் மேற்பட்ட தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 12,000 லீற்றர் மிகத் தூய நீர். கோடையில் கிணறு வற்றும்போது எங்கள் ஒழுங்கைக்கு வரும் தண்ணீர் பவுசரைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு விளங்கும். வெளியே பார்த்தால் வீட்டுக் கூரைக்கருகில் நிற்கும் பிளாஸ்ரிக் தாங்கியின் அண்ணன்தான். குறுக்களவு 3.6 மீற்றர், நீரின் உயரம் 1.2 மீற்றர். தலையில் ஒரு சூரியப் படலும், செய்தி அனுப்ப ஓர் அன்ரெனாவும். உள்ளே ஒரு துளி வெளிச்சமும் புகாத இருட்டு. சுற்றிவர வெள்ளை உறை. மேலேயிருந்து மூன்று ஒளியுணரிகள் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும்.

நீருக்குள் ஒளி, வெற்றிடத்தில் போவதன் முக்கால் வேகத்தில்தான் போகும். மியூவனோ அந்த வேகத்தைத் தாண்டிப் பாய்ந்து வரும். நந்திக்கடலில் வள்ளம் அலையை முந்திப் போகும்போது முன்னணியத்தில் தண்ணீர் ஆப்புப்போலப் பிரியுமே, அதேமாதிரி ஒளி ஓர் ஆப்பாகப் பிரிந்து மெல்லிய நீல வெளிச்சம் தோன்றும். செரன்கோவ் ஒளி என்று பெயர். ஒளியுணரிகள் காத்திருப்பது அதற்காக.

அப்படியொன்று வன்னியிலும் விழுமா?

விழும். விழுந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்த விசயம்தான்.

5×10¹⁹ இலத்திரன் வோல்ற்றுக்கு மேற்பட்டவை ஒரு சதுர கிலோமீற்றரில் நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று விழும். அரிதாகத் தெரிகிறது. ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்துக்குக் கணக்குப் போடுங்கள். 2,617ஐ 100ஆல் பிரித்தால் ஆண்டுக்கு 26. மாதத்துக்கு இரண்டு. போன மாதமும் தண்ணிமுறிப்புக் காட்டிலோ, மல்லாவி வயல்வெளியிலோ, முள்ளிவாய்க்கால் கடற்கரையிலோ பல கோடி ஒளியாண்டுகள் கடந்து வந்த ஒரு கரு பொழிவாக இறங்கியிருக்கும். எண்ணுவதற்கு ஒரு கருவி இங்கே இல்லை, அவ்வளவுதான்.

குறைந்த சக்தியுள்ளவை மட்டும் எங்கள் பக்கம் குறைவாக வரும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தும்பாவுக்கு அருகால் போகிறது. வன்னியும் அதற்குக் கிட்டத்தான். அங்கே காந்தப்புலம் கிடையாகக் கிடந்து வேலியாக நிற்கும். நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் இடையே கப்பலில் கருவி கொண்டுபோன யக்கோப் கிளே, நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கதிர் குறைவதை 1927இல் கண்டார். மிகுசக்தித் துணிக்கைகளுக்கு அந்த வேலி ஒரு பொருட்டே இல்லை.

சரி, எங்கிருந்துதான் வருகின்றன?

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மிகுசக்தியானவை எங்கள் பால்வீதிக்கு வெளியேயிருந்து வருகின்றன. 2017இல் ஓஷே நிலையம் 8×10¹⁸ இலத்திரன் வோல்ற்றுக்கு மேற்பட்ட 30,000க்கும் அதிகமான நிகழ்வுகளை வைத்து இதைக் காட்டியது. வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகின்றன. சராசரியிலிருந்து ஆறு, ஏழு வீத வேறுபாடு. கூடுதலாக வரும் பக்கம், பால்வீதியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 120 பாகை விலகியிருக்கிறது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருவதானால் மையத்தின் பக்கம்தான் கூடவேண்டும்.

அதற்கப்பால்தான் சிக்கல். ஒளி நேராக வரும். அண்டக் கதிருக்கு மின்னேற்றம் உண்டு. வழியிலுள்ள காந்தப்புலங்கள் அதை வளைத்துவிடும். புரோத்தனுக்கு ஒரு பங்கு வளைவு என்றால் அதே சக்தியுள்ள இரும்புக் கருவுக்கு 26 பங்கு. சக்தி ஏற ஏற வருபவை பாரமான கருக்களாக மாறுகின்றன என்று ஓஷே தரவு காட்டுகிறது. அதனால் வந்த திசையைப் பார்த்துப் பிறந்த இடத்தைச் சொல்வது கடினமாகிறது. இரவில் யானை வந்துபோன வயலைக் காலையில் பார்க்கிற கமக்காரனின் நிலைதான். வேலி எந்தப் பக்கத்தால் உடைந்தது என்று தெரியும். காட்டுக்குள் அது எந்தக் குளத்தடியிலிருந்து புறப்பட்டது என்பதைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

எந்த இடத்துக்கு இவ்வளவு வலு இருக்கும் என்று வேறு வழியாலும் யோசிக்கலாம். என்றிக்கோ பேர்மி 1949இல் சொன்ன வழி இது: காந்தப்புலத்தைச் சுமந்து அசையும் வாயு முகில்களில் துணிக்கை பட்டுப் பட்டுத் திரும்பும்போது, சராசரியில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி ஏறும். அதிர்ச்சி அலை ஒன்றின் இரு பக்கமும் மாறி மாறிப் போய்வந்தால் இன்னும் விரைவாக ஏறும். வலைக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பந்தை அடித்து அடித்து, அடிக்கொரு அடி கிட்டவும் வந்துகொண்டிருந்தால் பந்து எப்படி வேகமெடுக்கும்? அப்படித்தான். ஆனால் துணிக்கை தப்பி ஓடாமல் உள்ளேயே நிற்கவேண்டும். அதற்கு இடம் மிகப் பெரிதாக இருக்கவேண்டும், அல்லது காந்தப்புலம் மிக வலிதாக இருக்கவேண்டும். மைக்கல் ஹில்லாஸ் 1984இல் இந்த இரண்டையும் பெருக்கிப் பார்த்து, தேறக்கூடிய இடங்களை வடித்தெடுத்தார். அதிகம் மிஞ்சவில்லை.

மிஞ்சியவை: பெருங்கருந்துளை நடுவிலிருந்து பீச்சும் தாரைகள், விண்மீன்கள் அளவுக்கு மிஞ்சிப் பிறந்து வெடிக்கும் விண்மீன் மண்டலங்கள், காமாக் கதிர் வெடிப்புகள், மிகுகாந்த நியூத்திரன் விண்மீன்கள், விண்மீன் மண்டலக் கொத்துகளைச் சுற்றியுள்ள அதிர்ச்சி அலைகள். 2018இல் ஓஷே குழு வெளியிட்ட ஒப்பீட்டில் விண்மீன்கள் பெருகிப் பிறக்கும் அயல் மண்டலங்களின் பக்கம் துணிக்கைகள் கொஞ்சம் கூடி வருவதாகத் தெரிந்தது. சென்ரோரஸ்-ஏ என்ற மண்டலத்தின் பக்கமும் ஒரு திரட்சி தெரிகிறது. யூட்டாவில் ஓஷே நிலையம்போலவே கருவிகளைப் பரப்பி வைத்திருக்கும் ‘ரெலஸ்கோப் அரே’ நிலையத்தின் குழு 2014இல் வடவானில் சப்தரிஷி மண்டலத்தருகே வேறொரு திரட்சியை அறிவித்தது. இவை ஒன்றும் இன்னும் முடிந்த முடிவுகள் அல்ல. 2007இல் கருந்துளை மண்டலங்களோடு பொருந்துகிறது என்று பெரிதாக வந்த முடிவு, தரவு சேரச் சேர மெலிந்துபோனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இத்துறையில் எல்லோரும் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். அது நல்லதென்றே நினைக்கிறேன்.

சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்று சொன்னீர்கள். ஏன்?

மழை விட்ட இரவில் மாங்குளம் வீதியால் மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் உங்களுக்கு இது உடனே விளங்கும். ஈசல் பறக்கும். நடந்து போனால் ஒன்றும் இல்லை, மேலில் பட்டு விலகும். அறுபதில் ஓடினால் முகத்தில் கல்லெறி.

பெருவெடிப்பின் மிச்ச ஒளி விண்வெளி எங்கும் நிறைந்திருக்கிறது. 1965இல் பென்சியாசும் வில்சனும் கண்டறிந்தது அது. ஒரு கன சென்ரிமீற்றருக்குள் 400க்கு மேற்பட்ட ஒளித்துணிக்கைகள். எங்களுக்கு அவை மிக மெலிந்தவை. 5×10¹⁹ இலத்திரன் வோல்ற்றைத் தாண்டி ஓடும் புரோத்தனுக்கோ முகத்தில் அடிக்கும் ஈசல். மோதும்போதெல்லாம் புதுத் துணிக்கை பிறந்து, புரோத்தன் சக்தியை இழக்கும். 1966இல் அமெரிக்காவில் கிரெய்சனும், சோவியத் நாட்டில் சற்செப்பினும் குஸ்மினும் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். ஆகவே மிக உயர்ந்த சக்தியோடு எங்களிடம் வந்து சேருபவை, அண்டத்தின் அளவில் பார்த்தால், அயலிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அயல் என்றால் ஏறக்குறைய 30 கோடி ஒளியாண்டுக்குள். மூலத்தைத் தேடும் வளவு இதனால் சிறிதாகிறது.

அமதெரசு என்று ஒன்று செய்தியில் வந்ததே?

2021 மே 27ஆம் திகதி ரெலஸ்கோப் அரேயின் 23 கருவிகள் ஒன்றாகத் துடித்தன. சக்தி 2.4×10²⁰. 1991ஆம் ஆண்டுத் துணிக்கைக்கு அடுத்த இடம். தொசிகிறோ பூஜியும் குழுவினரும் 2023 நவம்பரில் வெளியிட்டு, யப்பானியரின் சூரியத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். வந்த திசையில் மூலத்தைத் தேடினால், விண்மீன் மண்டலங்கள் அருகிப்போன ஒரு பெரும் வெறுமைதான் தெரிகிறது. பாரமான கருவாக இருந்து நினைத்ததைவிட அதிகம் வளைந்திருக்கலாம். அல்லது காந்தப்புலங்கள் பற்றிய எங்கள் கணிப்புப் பிழையாக இருக்கலாம். நான் முதலாவதன் பக்கம்தான் சாய்கிறேன்.

இந்த இடங்களை வன்னியிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். அதுவும் இரண்டு பக்கத்தையும். ஓஷே நிலையம் தெற்கே 35 பாகையில் இருப்பதால் வடவானின் உச்சிப் பகுதி அதற்குத் தெரியாது. யூட்டா வடக்கே 39 பாகையில் இருப்பதால் தென்வானின் அடிப்பகுதி அதற்குத் தெரியாது. வன்னி ஒன்பது பாகையில் இருப்பதால் எங்களுக்கு இரண்டும் தெரியும்.

சித்திரை, வைகாசி மாதத்தில் நிலவில்லாத இரவு, ஒன்பது பத்து மணிக்கு வயல்வெளிக்கு வாருங்கள். தெற்கே தென்சிலுவை நிற்கும். அதற்குக் கிழக்கே சற்று மேலே, மங்கிய பஞ்சுப் பொட்டுப்போல ஒரு விண்மீன் கொத்து வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஒமேகா சென்ரோரி. அதிலிருந்து வடக்கே மூன்று விரல் அகலம் போனால் சென்ரோரஸ்-ஏ. அதற்கு இருகண் தொலைநோக்கி வேண்டும். அப்படியே திரும்பி வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்துக்குக் கீழே இடப்பக்கமாக எம்-82 என்ற மண்டலம், விண்மீன்கள் பெருகிப் பிறக்கும் இடம். இரண்டுமே ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன.

அந்தத் தூரத்திலிருந்து 1991ஆம் ஆண்டுத் துணிக்கையைப் போன்ற ஒரு புரோத்தன் புறப்பட்டால், எங்கள் கணக்கில் வந்து சேர 1.2 கோடி ஆண்டு. சார்புக் கொள்கைப்படி அதன் சொந்தக் கடிகாரத்தில் 20 நிமிடம்கூட ஆகாது. மாங்குளத்தில் ஏறிய பஸ் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர முன்னரே அதன் பயணம் முடிந்துவிடும்.

ஒரு துணிக்கையையாவது நாங்கள் கண்ணால் காண முடியுமா?

மிகுசக்தித் துணிக்கையை முடியாது. அதன் சிறிய உறவுகளின் தடத்தைக் காணலாம். முகிற்கூடம் செய்யவேண்டும். சிறிய மீன்தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேற்பக்கத்தின் உள்ளே ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த தடித்த துணியை ஒட்டி, அடியில் கறுப்பு உலோகத் தட்டு வைத்து, தட்டை உலர்பனிக்கட்டிமேல் வைத்தால் போதும். உலர்பனிக்கட்டி கழித்தல் 78 பாகை. சாதாரண ஐசும் உப்பும் அந்தக் குளிருக்குப் போகாது.

முதல்முறை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த உலர்பனிக்கட்டி காலையில் பெட்டியைத் திறந்தபோது இல்லை. வாயுவாகப் போய்விட்டது. இரண்டாம் முறை ரெஜிபோம் பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடையில் வைக்கோல் திணித்துக் கொண்டுவந்தோம். அரைக் கட்டி மிஞ்சியது. வகுப்பை இருட்டாக்கி, பக்கவாட்டில் ரோர்ச் அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். தட்டுக்குமேல் ஒரு விரல் உயரத்தில் மெல்லிய பனிமூட்டம். திடீரென்று அதற்குள் தையல்நூல்போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, நெளிந்து, கரைந்துபோனது. பிறகு இன்னொன்று. நேரான மெல்லிய கோடுகள் மியூவனுடையவை. சுருண்டு திரிபவை இலத்திரன்கள். கட்டையாகத் தடித்து விழுபவை காற்றிலுள்ள ரேடன் வாயுவின் அல்பாத் துணிக்கைகள். பின்வாங்கிலிருந்த ஒரு பெடியன் எண்ணத் தொடங்கி நூறோடு நிறுத்திவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதனால் என்ன பயன்?

உடனே வயலுக்கோ வீட்டுக்கோ ஒன்றும் இல்லை. பொசித்திரனும் (நேரேற்றமுள்ள இலத்திரன்) மியூவனும் முதலில் அண்டக் கதிரில்தான் அகப்பட்டன என்பதையும், பொசித்திரன் இன்று புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறது என்பதையும் சொல்லலாம். என்னைக் கேட்டால், எங்கள் கூரைமேல் மாதத்துக்கு இரண்டு தரம் இறங்குகிற ஒன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்குப் பயன் என்ற சாட்டுத் தேவையில்லை.

எங்களுக்குக் கிட்ட எங்காவது இந்த ஆய்வு நடக்கிறதா?

ஊட்டியில் நடக்கிறது. கிரேப்ஸ்-3 என்று பெயர். 400 அளவு துலங்கு உணரிகளும் 560 சதுர மீற்றர் மியூவன் கூடமும் இருக்கின்றன. மிகுசக்திக்குக் கீழ்ப்பட்ட சக்திகளை ஆராய்கிறார்கள். 2014 திசம்பர் 1ஆம் திகதி இடிமுகில் ஒன்றுக்குள் 130 கோடி வோல்ற்று மின்னழுத்தம் இருந்ததை, மியூவன்கள் குறைந்த அளவை வைத்தே கண்டுபிடித்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல், அண்டக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூத்திரினோ என்ற துணிக்கை பதிந்ததும் எங்கள் பக்கத்துக் கதைதான்.

“சேர், நான் இதைப் படிக்கலாமா?”

படிக்கலாம் பிள்ளை. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கைவசம் இருக்கட்டும். கணினியில் பைதன் நிரல் எழுதப் பழகு. பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஓஷே நிலையம் தன் தரவில் பத்தில் ஒரு பங்கை 2021இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. மிக உயர்ந்த சக்தியுள்ள 100 நிகழ்வுகளின் பட்டியலையும் தனியே வெளியிட்டிருக்கிறது. கைபேசியிலேயே இறக்கலாம். நிலையம் 2035 வரை இயங்கப்போகிறது. தாங்கிகளின் தலையில் புதிய உணரிகளும் ஏறியிருக்கின்றன. நீ படித்து முடிக்கும்போதும் தரவு வந்துகொண்டிருக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை மறுகிழமையே அந்த 100இன் திசைகளையும் வரைபுத்தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வந்தாள். நீலப் பேனையால், ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சின்னதாக இலக்கம். தாளின் மேற்பகுதியில், வடக்கே 45 பாகைக்கு மேல், ஒரு புள்ளியும் இல்லை. “சேர், இதில நான் எங்கயோ பிழை விட்டிட்டன்” என்றாள். பிழையில்லை, ஆர்ஜென்ரினாவிலிருந்து அந்தப் பகுதி தெரியாது என்றேன். தாளைத் தலைக்குமேல் பிடித்தபடி முற்றத்தில் வடக்குப் பார்த்து நின்று, வெறுமையாக இருந்த அந்த இடம் வானத்தில் எங்கே வரும் என்று விரலால் அளந்து பார்த்தாள். எதிர்வீட்டுப் பனை வட்டுக்குச் சற்று மேலே வந்தது.